பெயரில் உறையும் தலபுராணம்

இராமன், முருகன், இலட்சுமி போன்ற பெயர்களின் புராணப் பொருளை எந்த ஊரிலும் ஒன்றுபோலவே சொல்லிவிடலாம். ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தில் வழங்கும் சத்தியமூர்த்தி, பிரகதாம்பாள், ஆத்மநாதன், முத்துமாரி ஆகிய பெயர்களுக்கு அகராதியைப் புரட்டினால் பாதிப் பொருள்தான் கிடைக்கும். மீதி, ஒரு கோயில் தோன்றிய வரலாற்றைக் கூறும் தலபுராணத்தில் கிடக்கிறது.

திருமயத்தின் பழம்பெயர் திருமெய்யம். மெய் என்னும் தமிழ்ச்சொல் வடமொழியில் சத்தியமாகவே, மலை சத்தியகிரி ஆயிற்று. அம்மலையைக் குடைந்த கோயில்களில் உறையும் சிவன் சத்தியகிரீசுவரர் என்றும், திருமால் மெய்யர், சத்தியமூர்த்தி என்றும் அழைக்கப்பட்டனர். விடுதலைப் போராட்டத் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி 1887 ஆகஸ்ட் 19 அன்று பிறந்தது இவ்வூரில்தான். ஆகவே, உண்மையே வடிவானவன் என்று பிற ஊரார் பொருள் கொள்ளும் அப்பெயர், திருமயத்தாருக்கு முதலில் உள்ளூர்ப் பெருமாளின் பெயர். மெய்யப்பன், மெய்யம்மை ஆகிய பெயர்களில் நிற்பதும் அதே மெய்தான். அந்தப் பெருமாளின் கதையைப் படிக்க ஏடு தேவையில்லை, குடைவரையின் சுவரே போதும். மது, கைடபர் என்னும் அசுரர் இருவர் தேவியரைக் கவர வந்தபோது, துயிலும் பெருமாளை எழுப்ப மனமில்லாத ஆதிசேடன் தானே நஞ்சை உமிழ்ந்து அவர்களை விரட்டியதாகவும், கேளாமல் செய்துவிட்டோமே என்று கலங்கிய பாம்பைப் பெருமாள் கை நீட்டித் தட்டிக்கொடுத்ததாகவும் புராணம் கூறுகிறது. பாறையில் அனல் நாக்குகள் சீறுகின்றன, அசுரர்கள் ஓடுகிறார்கள், பெருமாளின் வலக்கை பாம்பின்மேல் நீண்டிருக்கிறது.

புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணத்தின் பெயரில் 'கோ' பசுவையும் 'கர்ணம்' காதையும் குறிக்கும். இந்திரன் அவைக்குக் காலந்தாழ்ந்து வந்து சாபம் பெற்ற காமதேனு, மண்ணுலகப் பசுவாகி, காதில் கங்கை நீர் சுமந்து வந்து மகிழ மரத்தடி இலிங்கத்தை நீராட்டியது. வழியில் சிவனே வேங்கையாய் மறித்தபோது, வழிபாட்டை முடித்துவிட்டுத் திரும்புவதாக வாக்களித்து, சொன்னபடியே வந்து நின்றது. புலி மறித்த இடம் திருவேங்கைவாசல். குவிந்த உள்ளங்கை போன்ற காதை நீர்க்கலமாகக் கண்ட கற்பனை, மாடு வளர்த்துப் பழகியவர்களுடையதாகவே இருக்க வேண்டும்.

இத்தலத்து அம்மன் பிரகதாம்பாள். பெரிய தாய் என்னும் பொருளுடைய அப்பெயரே தமிழில் பெரியநாயகி. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் இவ்வம்மனின் அடியவர் எனப் பொருள்படும் 'பிரகதாம்பாதாஸ்' என்பதைத் தம் பெயருக்கு முன் சேர்த்துக்கொண்டனர். விஜயரகுநாதன், இராமச்சந்திரன், கடைசி மன்னர் இராஜகோபாலன் என அவ்வரச வரிசையில் திருமாலின் பெயர்களே மிகுதி (1886 முதல் 1928 வரை ஆண்ட மார்த்தாண்ட பைரவர் மட்டும் சூரியனையும் சிவனையும் சேர்த்துத் தாங்கினார்). திருமாலின் பெயருக்கு முன்னால் தேவியின் அடிமை என்று எழுதிக் கையொப்பமிடுவதில் அவர்களுக்கு முரண் எதுவும் தோன்றவில்லை, ஏனெனில் ஒன்று குலத்தின் பெயர், மற்றது மண்ணின் பெயர். அம்மன் உருவம் பொறித்த அம்மன் காசு நவராத்திரியில் அரிசியோடு வழங்கப்பட்டது. அதனால் 'அரைக்காசு அம்மன்' என்ற செல்லப்பெயர் தேவிக்கு வந்து சேர, தொலைந்த பொருள் கிடைத்தால் வெல்லம் படைப்பதாக நேர்ந்துகொள்ளும் வழக்கம் சமஸ்தான எல்லையைத் தாண்டிப் பரவியது.

ஆவுடையார்கோயிலில் ஆத்மநாதர் என்னும் சிவனுக்கு இலிங்கம் இல்லை, பீடமாகிய ஆவுடையார் மட்டுமே உண்டு. அம்மன் யோகாம்பாளுக்கும் பாதங்கள் மட்டுமே. அப்பெயர்களைத் தாங்குவோர் உருவமற்ற தெய்வத்தின் பெயரைத் தாங்குகிறார்கள்.

நார்த்தாமலை முத்துமாரியம்மனின் பெயரில் உள்ள 'முத்து' கடலில் விளைவது மட்டுமன்று. அம்மைக் கொப்புளத்தையும் மக்கள் முத்து என்றே சொல்வர். நோய் என்னும் சொல்லைத் தவிர்த்து, அம்மை வார்த்திருக்கிறது, முத்து இறங்கிவிட்டது என்று பேசிய காலத்தில், மாரி தந்ததாகவும் மாரியே எடுத்துக்கொள்வதாகவும் நம்பப்பட்ட அம்முத்து, அவளிடம் வேண்டிப் பெற்ற பிள்ளைகளுக்கும் பெயராயிற்று. 1977ஆம் ஆண்டு இந்தியா பெரியம்மையற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. முத்து, முத்துமாரி என்னும் பெயர்கள் அதன் பின்னும் பள்ளி வருகைப் பதிவேடுகளில் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.