பெருஞ்சாதி நாய்க்குட்டியின் காலும் எலும்பும்

பிறந்த அன்று கிறேற் டேன் சாதி நாய்க்குட்டி ஒன்றைத் தராசில் வைத்தால், அதன் நிறை அரைக் கிலோவுக்குச் சற்று மேலாக இருக்கும். 18 மாதம் சென்றபின் அதே நாய் 50, 60 கிலோ நிறையுடன், சாப்பாட்டு மேசையின் மேல் மோவாயை வைத்துப் பார்க்கும் உயரத்தில் வந்து நிற்கும். மனிதக் குழந்தை தன் பிறப்பு நிறையைப்போல ஏறத்தாழ 20 மடங்கு ஆவதற்கு 18 ஆண்டு எடுத்துக்கொள்கின்றது. இந்த நாயோ 18 மாதத்தில் ஏறத்தாழ 100 மடங்கு ஆகிவிடுகின்றது. இவ்வளவு விரைவில் எழும்பும் உடலைத் தாங்க வேண்டியவை நான்கு கால்கள். அக்கால்களின் எலும்புகளோ அதே காலத்திலேதான் உருவாகிக்கொண்டிருக்கின்றன.

கிறேற் டேன் மட்டுமன்று, அல்சேஷன் என்று பலரும் அழைக்கும் ஜேர்மன் ஷெப்பேட், லபிறடோர், றொட்வைலர், சென் பேர்னாட் முதலிய பெருஞ்சாதி நாய்கள் யாவற்றுக்கும் இந்த இடர் உண்டு. குட்டி நான்கு, ஐந்து மாதத்தை அடையும்போது அதன் முன்னங்கால்கள் சிறிது வெளிப்புறமாகத் திரும்புவதை வீட்டார் காண்கின்றனர். உடனே, 'சத்துப் போதவில்லை' என்று தீர்ப்புச் சொல்லப்படுகின்றது. பால் கூடுகின்றது, முட்டை கூடுகின்றது, கல்சிய மாத்திரையும் மீனெண்ணெயும் வந்து சேர்கின்றன. அன்பினாற் செய்யப்படும் இந்த உபசாரமே அக்கால்களை மேலும் வளைத்துவிடக்கூடும் என்பது பலருக்கு வியப்பைத் தரும். ஆயினும் கடந்த அரை நூற்றாண்டு ஆராய்ச்சி திரும்பத் திரும்பக் காட்டியிருப்பது இதனையே.

எலும்பு எவ்வாறு நீளுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கால்களிலுள்ள நீண்ட எலும்புகள் நடுவிலிருந்து நீளுவதில்லை. அவற்றின் முனைகளுக்கு அருகே குருத்தெலும்பினாலான மெல்லிய தட்டு ஒன்று உண்டு. அதனை வளர்தட்டு எனலாம். அத்தட்டில் ஒரு பக்கத்தில் புதிய குருத்தெலும்பு உண்டாகிக்கொண்டே இருக்க, மறு பக்கத்தில் அது எலும்பாக மாறிக்கொண்டே போகும். இவ்விரு வேலையும் ஒத்த வேகத்தில் நடக்கும்வரை கால் நேராக நீளும். சிறிய சாதி நாய்களில் எட்டு, பத்து மாதத்திலேயே இத்தட்டுகள் முற்றாக எலும்பாகி மூடிக்கொள்கின்றன. பெருஞ்சாதி நாய்களில் அதற்கு 12 முதல் 18 மாதம் வரையும், மிகப் பெரியவற்றில் அதற்கு மேலும் செல்லும். வளர்தட்டு மூடும்வரை, எலும்பின் மற்றெந்தப் பகுதியிலும் பார்க்க அதுவே வலுக் குறைந்த இடம்.

முன்னங்காலில் இது தெளிவாகத் தெரியும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே ஆரை, அரந்தி என இரண்டு எலும்புகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கின்றன. ஆரைக்கு இரு முனையிலும் இருந்து நீளம் கிடைக்கின்றது. அரந்தியோ, முழங்கைக்குக் கீழே தான் பெறும் நீளம் முழுவதற்கும் மணிக்கட்டின் அருகிலுள்ள ஒரேயொரு வளர்தட்டையே நம்பியிருக்கின்றது. அத்தட்டும் ஏனையவைபோலத் தட்டையாக இராமல், நாயில் கூம்பு வடிவில் அமைந்திருக்கின்றது. தட்டையான தட்டுக்குப் பக்கவாட்டில் அடிபட்டால் அது வழுகி விலகும். கூம்பான தட்டோ விலக வழியின்றி நசுங்கும். நசுங்கினாலும் சரி, உணவுக் கோளாற்றால் அங்கே குருத்தெலும்பு எலும்பாக மாறாது தேங்கினாலும் சரி, அரந்தி நீளுவது தடைப்பட்டுவிடுகின்றது. ஆரை மட்டும் நீண்டுகொண்டே போகின்றது. நாண் குறுகிவிட்ட வில் வளைவதுபோல ஆரை வளைகின்றது. பாதம் வெளியே திரும்புகின்றது. வீட்டார் 'சத்துக் குறைவு' என்று காணும் வளைவிற் பல இவ்வகையினவே.

உணவு மிகுதியால் எலும்பு கெடும் என்பதை முதன்முதலில் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய பரிசோதனை, அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் ஹெட்ஹம்மர் என்பவரும் அவர் துணைவரும் நடத்தி 1974ஆம் ஆண்டில் வெளியிட்டது. கிறேற் டேன் குட்டிகளுள் ஒரு பகுதிக்கு ஊட்டம் மிக்க உணவை வேண்டிய மட்டும் தின்ன விட்டனர். மறு பகுதிக்கு அதே உணவில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் அளந்து கொடுத்தனர். வயிறாரத் தின்ற குட்டிகள் விரைவாகவும் கனமாகவும் வளர்ந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு அவையே நல்ல குட்டிகள். ஆனால் மூட்டும் எலும்பும் கெட்டு நடை தளர்ந்தவையும் அவையே. குறைவாகத் தின்றவை சற்று மெலிந்து, எலும்பு செம்மையாக வளர்ந்தன.

அந்த உணவில் எல்லாமே மிகுதியாக இருந்தன. குற்றவாளி எது? நெடுங்காலமாகப் பழி சுமந்தது புரதம். இறைச்சி கூடினாற் குட்டி விரைவாக வளரும், விரைவாக வளர்ந்தாற் கால் கெடும் என்று நாய் வளர்ப்போர் வாதித்தனர். ஒல்லாந்து நாட்டின் உற்றெக்ற் பல்கலைக்கழகத்தில் இக்கேள்வி ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கப்பட்டது. வெவ்வேறு அளவு புரதம் கொடுத்து வளர்த்த கிறேற் டேன் குட்டிகளைப் பற்றி 1991இல் வெளியான முடிவு, புரதத்தை விடுதலை செய்தது. அதற்கு முன்பே, 1985இல், ஹேசவிங்கெல் என்னும் மிருக வைத்திய அறிஞர் உண்மைக் குற்றவாளிகளுள் ஒன்றைப் பிடித்திருந்தார். அது கல்சியம். தேவைக்கு ஏற்ற அளவைப்போல மூன்று மடங்கு கல்சியம் உண்ட குட்டிகளில் குருத்தெலும்பு எலும்பாக மாறாது தேங்கியது, முன்னங்கால்கள் வளைந்தன.

இது எவ்வாறு நிகழும்? வளர்ந்த நாயின் குடல், வேண்டிய கல்சியத்தை ஏற்று மிகுதியைப் பெரும்பாலும் கழித்துவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. உணவில் எவ்வளவு கல்சியம் இருந்தாலும் அதில் ஏறத்தாழப் பாதி உள்ளே புகுந்துவிடுகின்றது. இரத்தத்தில் அது பெருகாதபடி தடுக்கும் ஓமோன்கள், எலும்பு அரிக்கப்பட்டுத் திரும்ப அமைக்கப்படும் வேலையை மந்தப்படுத்துகின்றன. வளரும் எலும்புக்கோ இடையறாத திருத்த வேலை வேண்டும். அது நின்றால் குருத்தெலும்பு தடித்துத் தேங்கும், மூட்டின் பரப்பில் வெடிப்பும் உண்டாகலாம். இதே மிகையைச் சிறிய பூடில் குட்டிகள் பெருந் தீங்கின்றித் தாங்கிக்கொண்டன. ஆகவே அயல் வீட்டுப் பொமறேனியனுக்கு ஒத்த மருந்து அல்சேஷனுக்கும் ஒக்கும் என்று கொள்வதற்கில்லை.

இதனைக் கேட்டுக் கல்சியத்தை முற்றாக ஒதுக்கிவிடுவதும் பெரும் பிழையாகும். இறைச்சியில் கல்சியம் மிகச் சிறிது. பொசுபரசு அதைப்போலப் பதினைந்து, இருபது மடங்கு. சோற்றிலும் கல்சியம் அரிது. சோறும் இறைச்சியும் மட்டுமே உண்டு வளரும் குட்டியின் உடல், இரத்தத்தில் வேண்டிய கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே கரைத்தெடுக்கின்றது. அத்தகைய எலும்பு கடதாசிபோல மெலிந்து, ஓடி விளையாடும்போதே முறிந்துபோவதும் உண்டு.

ஆக, குறைந்தாலும் கால் வளையும். கூடினாலும் கால் வளையும். வெளித் தோற்றத்தைக் கொண்டு இரண்டையும் வேறுபடுத்துவது வீட்டாரால் ஆகாது. வளைந்த காலைக் கண்டதும் மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போகாமல், குட்டியை மிருக வைத்தியரிடம் கொண்டு சென்று எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பித்து, அது என்ன உண்கின்றது என்பதையும் விவரமாகச் சொல்ல வேண்டும். பெருஞ்சாதிக் குட்டிகளுக்கென்றே தயாரித்த பெட்டி உணவைக் கொடுப்பவர் அதன்மேல் கல்சியமோ எலும்புத் தூளோ சேர்க்க வேண்டியதில்லை, சேர்க்கவும் கூடாது. அமெரிக்க விதிப்படி இத்தகைய உணவின் ஈரம் நீங்கிய பகுதியில் நூற்றுக்கு 1.2 முதல் 1.8 பங்கு வரையே கல்சியம் இருக்கலாம். வளர்ந்தபின் 70 இறாத்தலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 32 கிலோவுக்கு மேல் நிறுக்கக்கூடிய நாய்களின் வளர்ச்சிக்கும் ஏற்றதா என்பது உறையில் எழுதப்பட்டிருக்கும். வாங்குபவர் பார்க்க வேண்டியது உறையிலுள்ள நாயின் படத்தை அன்று, இந்த வரியையே. வீட்டில் சமைத்துக் கொடுப்பவருக்குக் கல்சியம் சேர்ப்பது கட்டாயம். ஆனால் அதன் அளவை வைத்தியர் உணவைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்; கைப்பிடி அளவு இங்கே செல்லாது.

மீனெண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். எலும்புக்கு வேண்டிய விற்றமின் டீ மனிதருக்கு வெயிலில் தோலிலேயே உண்டாகின்றது. ஆதலால் குட்டியைக் காலை வெயிலிற் கட்டிவைப்போர் பலர். நாயின் தோலோ அதனைப் போதிய அளவு உண்டாக்க வல்லதன்று என்பதும் உற்றெக்ற் நகர ஆராய்ச்சியாற் புலனாயிற்று. வெயிலாற் குட்டிக்குச் சுகம் கிடைக்கலாம், விற்றமின் கிடையாது. அது உணவிலிருந்தே வர வேண்டும். அதுவும் மிகுந்தால் நஞ்சு. எனவே ஈரல் மீனெண்ணெயைக் கரண்டி கரண்டியாக ஊற்றுவது தகாது.

அடுத்தது உணவின் மொத்த அளவு. கொழுத்த குட்டியைக் கண்டு மகிழும் வழக்கம் மனிதருக்கு எளிதில் விடுபடுவதன்று. ஆயினும் பெருஞ்சாதிக் குட்டி சற்று மெலிவாகவே வளர வேண்டும். விலாவின் மேல் விரல்களை மெல்லச் செலுத்தினால், அழுத்தாமலே எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படுதல் வேண்டும். மேலிருந்து நோக்கினால் இடை ஒடுங்கித் தெரிய வேண்டும். கலத்தை நிரப்பி வைத்து நாள் முழுவதும் தின்ன விடாமல், அளந்த உணவை நேரம் பார்த்துக் கொடுத்தல் நன்று. இதனால் நாயின் இறுதி உயரம் குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அவ்வுயரம் பெற்றோர் வழி வந்தது. மெல்ல வளர்ந்த குட்டியும், சில மாதம் பிந்தியேனும், அதனை எட்டிவிடும்.

இவ்வகையில் 48 லபிறடோர் நாய்களை வைத்து அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய பரிசோதனை குறிப்பிடத்தக்கது. ஒரே ஈற்றுக் குட்டிகளை இணையிணையாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் நாலில் ஒரு பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்து, வாழ்நாள் முழுவதும் கவனித்தனர். குறைத்து உண்டவற்றில் இடுப்பு மூட்டுக் கோளாறு வெகுவாகக் குறைந்திருந்தது. மூட்டு வாதத்துக்கு மருந்து வேண்டி வந்தது அவற்றுக்குப் பல ஆண்டு பிந்தியே. ஆயுளின் இடைமதிப்பு ஒரு பகுதிக்கு 11.2 ஆண்டு, குறைத்து உண்ட பகுதிக்கு 13 ஆண்டு. 2002இல் வெளியான இந்த முடிவு, உணவுக் கலத்தை நிரப்பும் கையைச் சிறிது தடுக்க வேண்டும்.

இடுப்பு மூட்டுக் கோளாறு, பந்து போன்ற தொடையெலும்புத் தலை அதன் கிண்ணத்தில் இறுகப் பொருந்தாமையால் வருவது. இது பெரும்பாலும் பரம்பரையாக வருகின்றது. ஆயினும் குட்டி பிறக்கும்போது மூட்டு செம்மையாகவே இருக்கும்; தளர்வு முதற் சில மாதங்களில் உண்டாகின்றது. அம்மாதங்களில் குட்டி எங்கே, எவ்வாறு நடமாடுகின்றது என்பதும் முக்கியமாகின்றது. நோர்வே நாட்டில் நியூபவுண்ட்லாந்து, லபிறடோர் உட்பட நான்கு பெருஞ்சாதி நாய்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டவர்கள், மூன்று மாதத்துக்கு முன்பே நாள்தோறும் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளில் இக்கோளாறு மிகுந்ததையும், சங்கிலியின்றி மெத்தென்ற மேடுபள்ள நிலத்தில் ஓடித் திரிந்தவற்றில் அது குறைந்ததையும் கண்டனர். ஆகவே குட்டியைக் கூட்டில் அடைத்து வைப்பது கால்களைக் காப்பதாகாது. புல்லிலும் மணலிலும் அது தன் விருப்பப்படி ஓடட்டும், களைத்தபோது படுக்கட்டும். வழுக்கும் சீமெந்துத் தரையில் பந்தெறிந்து ஓட விடுவதும், வாகனத்திலிருந்து குதிக்க விடுவதும், துவிச்சக்கர வண்டிக்குப் பின்னே மைல் கணக்கில் ஓட்டுவதும் வளர்தட்டு மூடும்வரை வேண்டாம். வழுவழுப்பான விறாந்தையில் பழைய சாக்கு ஒன்றை விரித்துவிட்டால் அதுவே பேருதவி.

பரம்பரைக் கோளாற்றைக் குட்டி வாங்கும்போதே கவனிக்கலாம். பெற்றோரின் இடுப்புக்கு எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து மதிப்பிடும் வழக்கம் பிரித்தானியாவில் 1965 தொடக்கம் உண்டு. ஒவ்வோர் இடுப்புக்கும் பூச்சியம் முதல் 53 வரை புள்ளி வழங்குவர். புள்ளி குறையக் குறைய மூட்டு நல்லது. வம்சாவளிப் பத்திரத்தை ஆவலுடன் வாங்கிப் பார்ப்பவர்கள் இப்படத்தையும் கேட்பார்களாயின், விற்பவர்களும் எடுத்து வைக்கத் தொடங்குவர்.

நலமெடுத்தலையும் அவசரப்பட்டுச் செய்யலாகாது. வளர்தட்டை மூடச் செய்வன இனவிருத்தி ஓமோன்களே. ஓராண்டுக்கு முன் அச்சத்திரசிகிச்சை செய்யப்பட்ட கோல்டன் றிற்றீவர் நாய்களில் மூட்டு நோய் கூடுதலாகக் காணப்பட்டதைக் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்டனர். காலம் எது என்பதை வைத்தியரோடு பேசி முடிவு செய்தல் நன்று.

கால் நோவு வந்த குட்டி எப்போதும் கத்துவதில்லை. எழும்பும்போது சிறிது தயங்கும். ஓடும்போது இரு பின்னங்கால்களையும் சேர்த்து முயல்போலப் பாயும். முன்பு ஏறிய படியின் கீழ் நின்று மேலே பார்க்கும். மணிக்கட்டுக்கு மேலே வீக்கமும் சூடும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். அரந்தியின் வளர்ச்சி நின்றுவிட்ட காலுக்கும், வளர்ச்சி மீதமிருக்கும்போது கண்டுபிடித்தாற் சத்திரசிகிச்சை செய்து பெரிதும் நிமிர்த்தலாம். வளர்ச்சி முடிந்த பின்னரோ வளைந்த ஆரையை வெட்டியே நேராக்க வேண்டிவரும். ஐந்தாம் மாதத்தில் குட்டியை ஒருமுறை சம தரையில் நிறுத்தி, முன்னின்று அதன் இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.