வெள்ளை அங்கிக்குள் – 9: சிகிச்சை தருபவரும் மதிப்பெண் இடுபவரும்

மருத்துவ மாணவர்கள் மனநல உதவியை நாடத் தயங்குவதற்கு அறியாமையைக் காரணமாகக் கூற இயலாது. மனச்சோர்வின் அறிகுறிகளைப் பாடமாகப் படித்துத் தேர்வில் வரிசைப்படுத்தி எழுதத் தெரிந்தவர்களே, அவை தம்மிடம் தோன்றும்போது வாய் திறவாதிருக்கின்றனர். ஒரே பொருள் குறித்து நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாகக் கணிக்கும் முறைக்குத் தொகுப்பாய்வு என்று பெயர். 'ஜாமா' இதழில் 2016இல் வெளிவந்த அத்தகைய ஆய்வொன்று, மருத்துவ மாணவர்களில் 27.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்ததையும், அவர்களுள் 15.7 விழுக்காட்டினரே சிகிச்சையை நாடியதையும் பதிவு செய்தது.

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழுவின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, இந்தியாவின் நிலையைக் காட்டுகிறது. இணையவழியில் பதிலளித்த இளநிலை மாணவர்களில் 27.8 விழுக்காட்டினரும் முதுநிலை மாணவர்களில் 15.3 விழுக்காட்டினரும் தமக்கு மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டிருப்பதாகத் தெரிவித்தனர். தற்கொலை எண்ணம் எழுந்ததாகக் கூறியோரோ முறையே 16.2, 31.2 விழுக்காட்டினர். தாமாக முன்வந்து பதிலளித்தோரின் கணக்கு என்பதால் இதை எல்லா மாணவர்களுக்கும் அப்படியே பொருத்த முடியாதெனினும், படிப்பில் மேலேறுவோரிடம் துயரம் மிகுந்தும் நோயறிதல் குறைந்தும் காணப்படுவது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

சென்னையை அடுத்த குன்றத்தூர் வட்டாரத்தின் அமைப்பு இதற்கான காரணங்களுள் ஒன்றைப் புலப்படுத்துகிறது. கோவூர், சிக்கராயபுரம், சோமங்கலம் சாலை எனச் சுற்றிலும் மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. விடுதியில் தங்கிப் பயிலும் மாணவருக்கு மிக அருகிலுள்ள மனநலப் புறநோயாளர் பிரிவு பெரும்பாலும் அவருடைய கல்லூரி மருத்துவமனையிலேயே அமைந்திருக்கும். அங்கே ஓ.பி. சீட்டு பதிபவர் அறிமுகமானவர். ஹவுஸ் சர்ஜன் அவருடைய சீனியர். சிகிச்சை தரும் பேராசிரியரே பின்னொரு நாளில் வைவா தேர்வில் எதிரே அமரக்கூடியவர். அந்நிலையில் மௌனம் காப்பது மாணவருக்குத் தற்காப்பாகவே தோன்றும்.

மனநலச் சிகிச்சை விவரங்கள் மறைவாகக் காக்கப்படுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் உரிமையாக வகுத்துள்ளது. ஆயினும் ஆவணம் வெளிவராமல் தடுப்பதற்குச் சட்டம் போதுமேயன்றி, ஆசிரியரின் நினைவிலிருந்து எதையும் அகற்ற அதனால் இயலாது. சக மாணவரின் துணையை முதன்மையாகக் கொண்ட தமிழக அரசின் 'மனம்' திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த 14416 என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். முதலுதவியாக இவை பயன்படும். மாதக்கணக்கில் நீளும் சிகிச்சைக்கு நேரில் காணும் மருத்துவர் வேண்டும்.

ஆகவே, மதிப்பிடும் பொறுப்பும் சிகிச்சை தரும் பொறுப்பும் ஒருவரிடமே சேராதிருப்பது இன்றியமையாதது. கல்லூரிகள் அடுத்தடுத்து அமைந்த குன்றத்தூர் போன்ற பகுதியில், ஒன்றன் மாணவரை மற்றொன்றின் மனநலப் பிரிவு கவனிக்கும் உடன்பாட்டுக்குப் புதிய கட்டடமோ பெருஞ்செலவோ தேவையில்லை. ஆனால் பகலெல்லாம் வார்டிலும் இரவில் டியூட்டியிலும் இருக்கும் முதுநிலை மாணவர் அங்கே செல்ல நேரம் கிடைக்க வேண்டும். பணிக்குழு பரிந்துரைத்த வாரத்துக்கு 74 மணி நேர உச்சவரம்பு அடுத்த பகுதியில் ஆராயப்படும்.

(தொடரும்)