யோசேப்பின் களஞ்சியமும் கல்வராயன் மலையும்

கிறிஸ்தவ வீடுகளில் காப்பீடு, ஓய்வூதியம் என்று பேச்செடுத்தால், "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்ற பதில்தான் பல நேரம் வரும். அதில் விசுவாசம் இருக்கிறது. வேதம் பாதிதான் இருக்கிறது. விளைச்சல் பெருகியதும் பெரிய களஞ்சியம் கட்ட நினைத்து அன்றிரவே செத்துப்போன பணக்காரனின் உவமையை நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். எகிப்தில் ஏழு வருட விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்துப் பஞ்சத்தில் நாட்டையே காத்த யோசேப்பை மறந்துவிடுகிறோம். இருவரும் தானியம் சேர்க்க நினைத்தவர்களே. ஒருவன் தனக்காக நினைத்தான், மற்றவர் ஊருக்காகச் சேர்த்தார்.

இந்த வேறுபாட்டைப் பணத்தின் உலகில் செய்து காட்டியவர் ஜெர்மனியின் ரைஃபைசன். பக்தியுள்ள கிறிஸ்தவர், சிற்றூர் ஒன்றின் மேயர். 1846-47 பஞ்சத்தில் வசதி படைத்தவர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். தருமம் மட்டும் நீடிக்காது என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது. 1864-ல் ஹெட்டஸ்டார்ஃபில் அவர் அமைத்த கடன் சங்கத்தில் விவசாயிகளே உறுப்பினர்கள். ஒருவர் வாங்கிய கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. பிறனை நேசி என்ற கட்டளை அங்கே கணக்குப் புத்தகத்தில் ஏறியது.

சென்னை மாகாண அதிகாரி ஃப்ரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பா சென்று இச்சங்கங்களை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் அறிக்கை தந்தார். அதன் தொடர்ச்சியாக 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. இன்று கள்ளக்குறிச்சி விவசாயி பயிர்க்கடன் வாங்கும் சங்கத்தின் வேர் அதுதான். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலையிலும், மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் அதே வழியில் வந்ததே.

அங்கே நீண்டகாலத் திட்டம் எளிதல்ல. குச்சிக்கிழங்கு விளையப் பத்து மாதம் ஆகும். அதுவரை அரிசிக்கும் பள்ளிக்கும் மருந்துக்கும் யார் தருவது? வியாபாரியின் முன்பணத்தை வாங்கினால், விளைச்சலும் விலையும் அவர் கையில். அப்படிப்பட்ட வீட்டிடம் போய் "சேமியுங்கள்" என்று உபதேசிப்பது அநியாயம். முதலில் வட்டியிலிருந்து அவர்களை விடுவிக்க வேண்டும். காணிக்கை விதைத்தால் பணம் பன்மடங்காகத் திரும்பும் என்று மேடையில் வாக்களிப்பது அதைவிடக் கொடுமை. கடவுளின் பெயரைச் சொல்லி ஏழையின் கடைசிப் பணத்தைக் கேட்பது அது.

முன்னேற்பாடு இல்லாத வீட்டில் சாவு நுழைந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு அரசு 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதி அறிவித்தது. எதிர்காலத்துக்கென்று அந்தப் பிள்ளைகளின் பெயரில் பணம் விழ, தாயும் தகப்பனும் சாக வேண்டியிருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

சின்ன ஏற்பாடுகளே இங்கு பெரிய வேலை செய்யும். 18 முதல் 50 வயது வரையுள்ளவர்கள் அரசுத் திட்டம் ஒன்றில் ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு பெறலாம். அடல் ஓய்வூதியத்தில் 18 வயதில் மாதம் 210 ரூபாய் கட்டத் தொடங்கினால், 60-க்கு மேல் மாதம் 5,000 ரூபாய் உண்டு. 40 வயதில் சேர்ந்தால் அதே தொகைக்கு மாதம் 1,454 ரூபாய். தாமதம் ஏழைக்குத்தான் அதிக விலை.

இதைச் சொல்லும் இடமாகக் கோவில் இருக்கலாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வங்கிக் கணக்கையும் ஆதாரையும் சரிபார்த்துத் தர இளைஞர்கள் உட்காரலாம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, கட்ட வழியில்லாத குடும்பங்களுக்கு அந்த 436 ரூபாயைக் கொடுக்கலாம். அந்தக் குடும்பங்கள் சபையாராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.