சாம்பல்நிறக் கண்ணாடி

நண்பகல் வெயிலில் குளத்தினின்று எழும் நாரையைத் தொலைவில்லை பொருத்திய கருவியால் ஒருவர் நொடிக்கு 25 படங்களாகப் பதிவு செய்கின்றார். படம் ஒவ்வொன்றுக்கும் 1/50 நொடி ஒளி புகுந்தால்தான் சிறகசைவு இயல்பாகத் தோன்றும். 1/1000 நொடியாயின் வெட்டி வெட்டித் தெரியும். ஆனால் 1/50 நொடியில் புகும் வெயிலோ படத்தை வெளுக்கச் செய்துவிடும். வில்லையின் துளையைச் சுருக்கலாமே எனின், பின்னுள்ள நாணற்புதரும் தெளிவுற்று நாரையைத் தனித்துக் காட்டாது. மிகச் சுருக்கினால் கூர்மையும் குன்றும். எனவே நிறத்தை மாற்றாது ஒளியை மட்டும் குறைக்கும் சாம்பல்நிறக் கண்ணாடியை இடுவர். 16இல் ஒரு பங்கு ஒளியையே விடுவதும் உண்டு. 64இல் ஒரு பங்கை விடுவதும் உண்டு. பெருந்தொலைவில்லைகள் சிலவற்றின் முகப்பு 14 சென்டிமீட்டர் அகலமுடையது. ஆதலின் சிறிய கண்ணாடியைப் பின்புறத்தே செருக வழி அமைத்துள்ளனர். இக்கண்ணாடியை நம்பி ஞாயிற்றை வில்லைவழி கண்ணால் நோக்குதல் கூடாது. கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்கள் அதனூடும் புகும்.