மஜ்ஜையோடு வந்த மருந்து

இரத்தப் புற்றுநோயால் பீடிக்கப்பட்டவரின் நோயணுக்களைக் கடும் மருந்துகளாலும் கதிர்வீச்சாலும் மஜ்ஜையோடு சேர்த்தே அழித்துவிட்டு, உடன்பிறந்தாரின் ஆரோக்கியமான மஜ்ஜையை அவருக்கு ஏற்றும் சிகிச்சையில், நோயைத் தீர்ப்பது மருந்து, வெறுமையான இடத்தை நிரப்புவது மஜ்ஜை என்றே வைத்தியர்கள் பலர் ஆதியில் கருதினார்கள். அந்தக் கருத்து பாதி உண்மையே என்பது பின்னால் விளங்கிற்று.

தானமளித்தவரின் மஜ்ஜையோடு, வெள்ளையணுக்களில் ஒருவகையான அவருடைய டி அணுக்களும் நோயாளியின் உடலுக்குள் புகுகின்றன. சருமத்தையும் குடலையும் கல்லீரலையும் அந்நியமென்று எண்ணி அவை தாக்குவது இச்சிகிச்சையின் பெருந்துன்பம். ஆகவே அவற்றைப் பிரித்து நீக்கிவிட்டு மஜ்ஜையை மட்டும் செலுத்திப் பார்த்தார்கள். தாக்குதல் தணிந்தது, ஆனால், முக்கியமாக நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியா என்னும் இரத்தப் புற்றுநோய் வகையில், அடங்கிய நோய் முன்னினும் பலருக்குத் திரும்பி வந்தது. ஒரே கருவில் உருவான இரட்டையரிடம் மஜ்ஜை பெற்றவர்களுக்கும், பொருத்தம் பூரணமாயிருந்தும், நோய் மீளும் அபாயம் அதிகமென்பதை 2,254 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 1990இல் வெளிவந்த கட்டுரை காட்டியது. துன்பம் விளைவித்த அதே அணுக்கள்தாம் நோயையும் அடக்கி வந்திருக்கின்றன!

அதே ஆண்டில் ஜெர்மனியின் ம்யூனிக் நகரத்து வைத்தியர் கோல்பும் அவர் சகாக்களும், மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியா மீண்ட மூவருக்கு, முன்பு மஜ்ஜை தந்தவர்களின் வெள்ளையணுக்களை இன்டர்ஃபெரான் மருந்தோடு செலுத்தி, நோயின் அடையாளமான பிலடெல்பியா குரோமோசோம் அறவே மறைந்ததை அறிவித்தார்கள்.

அந்த அணுக்கள் நோயணுவில் எதைக் கண்டு பாய்கின்றன? ஆன்டிஜென் எனப்படும் அடையாளங்களை. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் எல்ஸ் கூல்மியின் குழு ஆராய்ந்த எச்.ஏ.-1 என்பது ஒன்பதே அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதத் துணுக்கு. மூன்றாமிடத்தில் சிலருக்கு ஹிஸ்டிடின், சிலருக்கு ஆர்ஜினின். ஹிஸ்டிடின் உள்ள நோயாளிக்கு ஆர்ஜினின் மட்டுமே உள்ளவர் மஜ்ஜை தந்தால், அந்த ஒரேயொரு வேற்றுமையை டி அணு கண்டுகொள்ளும். இந்த அடையாளம் பெரும்பாலும் இரத்த அணுக்களின் மேல் மட்டுமே தோன்றுவதால் சருமமும் குடலும் தப்புகின்றன; நோயாளியின் பழைய நல்ல இரத்த அணுக்கள் அழிந்தாலும் புதிய மஜ்ஜை அவற்றை ஈடுசெய்துவிடும். பகையை மட்டும் தேர்ந்தெடுக்கும் இந்தச் சாத்தியத்தையே இத்துறையின் மிகச் சிறந்த செல்வமாக நான் மதிக்கிறேன்.

எனவே மஜ்ஜை தருபவர் நோயாளிக்கு இரத்தத்தை மட்டுமன்றி, நோயை எதிர்க்கும் அணுக்களையும் அளிக்கிறார். குடும்பத்தில் பொருத்தமானவர் அமையாத நோயாளிகள் பலர், பதிவேடுகளில் பெயர் தந்திருக்கும் முன்பின் அறியாதவர்களையே நம்பியிருக்கிறார்கள். பதினெட்டு வயது நிறைந்த, திடகாத்திரமான வாசகர்கள், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவித் தரும் மாதிரியோடு அத்தகைய பதிவேட்டில் தம் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.