கோப்பிக்கால அரசியலும் ஜோர்ஜ் வோலும்

விக்டோரியா மகாராணியார் காலத்தில் வணிகர் அரசியலிற் புகுதல் பிரித்தானியப் பேரரசெங்கும் காணப்பட்ட வழக்கமாகும். மெதடிஸ்த திருச்சபையைச் சார்ந்த துணி வணிகர் வில்லியம் மக்கார்தர் 1868இற் பாராளுமன்ற உறுப்பினராகி, 1880இல் இலண்டன் மாநகரத் தலைவருமானார். அவருக்கு முன்னரே சீட்டித்துணி வணிகரான றிச்சட் கொப்டன் தானியச் சட்டங்களை எதிர்த்துப் போராடினார். 1846இல் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன. கண்டி மாநகரையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் களமாகக் கொண்டு இத்தகைய வாழ்வு வாழ்ந்தவர் ஜோர்ஜ் வோல் ஆவர்.

1820இல் இங்கிலாந்திற் பிறந்த வோல், 1846இற் கோப்பித் தோட்ட முகாமையாளராக இலங்கைக்கு வந்தார். கண்டியரசு பிரித்தானியர் வசமாகி அப்பொழுது முப்பத்தோராண்டுகளே கழிந்திருந்தன. கண்டியைச் சூழ்ந்த காடுகள் விரைந்து அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாக மலைநாட்டுக்கு நடந்தே வந்தனர். பசியாலும் பேதியாலும் வழியில் மாண்டோர் பலர். இவர்தம் உழைப்பின்மீதே கோப்பிச் செல்வம் எழுந்தது.

1854ஆம் ஆண்டு கண்டியில் தோட்டக்காரர் சங்கம் நிறுவப்பெற்றது. தமது பெயரால் வணிக நிறுவனமொன்றை நடத்திய வோல், இச்சங்கத்தின் தலைவராகப் பன்முறை விளங்கினார். பாதைகளும் பாலங்களும் கொழும்பு - கண்டிப் புகையிரதப் பாதையும் வேண்டுமென்பது அக்காலத் தோட்டக்காரரின் இடையறாத கோரிக்கை. அப்பாதை 1867இற் கண்டியை எட்டியது.

இக்கோரிக்கைகளே அவரைச் சட்டசபைக்கு இட்டுச் சென்றன. அச்சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் அறுவரே. அவர்களும் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவர்கள். உத்தியோகத்தரே பெரும்பான்மையினராதலின், இவர்கள் எத்துணை வாதிடினும் வாக்கெடுப்பில் தோல்வியே எய்தினர். இலங்கையிலுள்ள படையின் செலவை இலங்கையே ஏற்கவேண்டுமென இலண்டன் வற்புறுத்தியபொழுது முரண்பாடு முற்றியது. 1864 நவம்பரில் வோலும், பறங்கியர் தலைவரான சாள்ஸ் அம்புறோஸ் லோறன்சும், ஏனைய உத்தியோகப்பற்றற்ற உறுப்பினரும் பதவி துறந்தனர். மறு ஆண்டில் இலங்கைக் கழகம் தோன்றியது. வோல் அதன் தலைவரானார்.

வரி செலுத்துவோரின் இசைவின்றி அவர் பணத்தைச் செலவிடலாகாது என்பதே கழகத்தின் கொள்கை. அதன்பொருட்டுச் சபையில் உத்தியோகப்பற்றற்றோர் பெரும்பான்மை பெறவேண்டுமென அது கோரியது. கொள்கை சிறந்ததே. ஆயினும், அப்பெரும்பான்மை யாருடையதாய் அமையும் என்னும் வினா எழாமற்போகவில்லை. ஐரோப்பியரான சிறு குழுவினர் கையில் நாட்டின் பணத்தை ஒப்படைத்தால் உழவரின் நலனை யார் காப்பர் என்று ஆட்சியாளர் வாதிட்டனர். தம் அதிகாரத்தைக் காத்துக்கொள்ளக் கூறிய வாதமேயெனினும் அதனுள் உண்மையும் இல்லாமலில்லை. கோரிக்கை நிறைவேறவில்லை, கழகமும் சில ஆண்டுகளில் தளர்ந்தது.

1869இற் கோப்பி இலைநோய் தலைகாட்டியது. தொடக்கத்தில் விளைச்சலும் விலையும் ஏறியிருந்தமையால் அதன் கொடுமையைப் பலர் உணரவில்லை. பின்னர்த் தோட்டங்கள் பாழாயின. கடன் கொடுத்த நிறுவனங்கள் முறிந்தன. 1884இல் ஓரியன்றல் வங்கியும் வீழ்ந்தது. வோலின் நிறுவனமும் இவ்வீழ்ச்சிக்குத் தப்பவில்லை.

செல்வம் இழந்த பின்னரே அவரது பொதுவாழ்வு புதியதொரு திசையிற் சென்றது. நெல்விளைவின் மீதான வரியை எதிர்த்து அவர் எழுதலானார். 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அவ்வரி, விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் காசாகச் செலுத்தவேண்டியதாயிற்று. செலுத்த இயலாதார் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. நுவரெலியாப் பகுதியைச் சேர்ந்த வலப்பனையில் உழவர் பட்ட துன்பம் பெரிது. தேசாதிபதி ஆதர் கோடன் வரியை ஆதரித்து நின்றார். 1888இல் தோன்றிய சிலோன் இண்டிபெண்டன்ற் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த வோல் அதனைக் கண்டித்தார். இங்கிலாந்திலிருந்த கொப்டன் கழகமும் இக்கிளர்ச்சிக்குத் துணைநின்றது. தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில், 1892இல், வரி நீக்கப்பட்டது. இரண்டாண்டுகளின்பின் வோல் காலமானார்.

தோட்ட முதலாளியாகத் தொடங்கியவர் உழவருக்காக வாதிட்டு வாழ்வை முடித்தமை சிந்திக்கற்பாலது. வரிக்கு மக்களின் இசைவு வேண்டுமென அவர் முன்பு கூறிய கொள்கை, வலப்பனை உழவர்பாற் சென்றபொழுதே முழுப்பொருள் பெற்றது. எனினும், கோப்பியை விளைவித்த தமிழ்த் தொழிலாளர் அக்கொள்கையின் எல்லைக்கு வெளியிலேயே நின்றனர். அவர்களுட் சிலரேனும் வாக்குரிமை பெற 1931 வரை காத்திருக்க நேர்ந்தது. ஓர் உரிமையை முதலிற் கேட்பவர் தமக்காகவே கேட்பதுண்டு; அது பிறர்க்கும் உரியதெனக் காண்பதற்குக் காலமும் சிலவேளை இழப்பும் வேண்டியிருத்தலை இவ்வரலாறு காட்டுகின்றது.