ஜீப்பின் சிறு நெம்புகோல்கள்

நம் சங்க அன்பர் ஒருவர் ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் பழைய ஜீப் ஒன்றை வாங்கிச் சிலிகுரியில் வாடகைக்கு விட்டார். ஆறே மாதத்தில் அதன் டிரான்ஸ்பர் கேஸ் உடைந்தது. செப்பனிடும் செலவு மிஞ்சிய கையிருப்பையும் விழுங்கிற்று. ஓட்டுநர் குடிப்பவரல்லர், விரைந்து ஓட்டுபவருமல்லர். நான்கு சக்கரங்களும் இழுத்தால் வண்டிக்கு நல்லதென்று நம்பித் தார்ச்சாலையிலும் அவ்வாறே ஓட்டினார். அவ்வளவே பிழை.

பார்சல் ரசீது எழுதும் நமக்கு இயந்திர சாஸ்திரம் தெரியாது. பட்டறையில் நின்று கேட்டறிந்ததையே எழுதுகிறோம்.

இரண்டாம் உலகப் போரின்போது கல்கத்தாத் தெருக்களில் அமெரிக்கப் படையினர் ஓட்டிய வில்லிஸ் ஜீப்பில், கியர்க் கோலின் அருகே இரண்டு சிறு நெம்புகோல்கள் உண்டு. அவை கியர்ப் பெட்டியின் பின்னுள்ள டிரான்ஸ்பர் கேஸுக்கு உரியவை. ஒரே பாதையில் வரும் சரக்கை இரு கிளைப் பாதைகளுக்குப் பகிரும் ஜங்ஷனைப் போன்றது இப்பெட்டி. எஞ்சினின் விசை இங்கு வந்து, ஒரு தண்டின் வழியே பின் ஆக்ஸிலுக்கும் மற்றொன்றின் வழியே முன் ஆக்ஸிலுக்கும் செல்கிறது. ஒரு நெம்புகோல் முன் ஆக்ஸிலை இணைக்கும். மற்றது தாழ்நிலைப் பற்சக்கரத்தைப் பொருத்தும். அப்போது வேகம் ஏறத்தாழப் பாதியாகும், இழுவிசை இருமடங்காகும்.

மேற்கு வங்கத்தில் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு, 1950களில் செய்த லாண்ட் ரோவர்கள் கரடுமுரடான கற்பாதையில் பல்லாண்டுகள் ஆட்களை ஏற்றிச் சென்றது இத்தாழ்நிலையின் துணையால்தான்.

அப்படியானால் தார்ச்சாலையில் கெடுதல் என்ன? வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் உருள வேண்டும். டிரான்ஸ்பர் கேஸோ இரு தண்டுகளையும் ஒரே வேகத்தில் பிணைத்துவிடுகிறது. சேற்றிலும் சரளையிலும் டயர் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். உலர்ந்த தாரில் வழுக்காது. முறுக்கம் வளைவுக்கு வளைவு சேர்ந்து, தண்டையும் பற்சக்கரங்களையும் வருத்தும். ஸ்டியரிங் கனக்கும், நெம்புகோலும் விடுபடாது. அந்நிலையில் பலங்கொண்டு இழுத்தல் தகாது. வண்டியை நேராகச் சில அடி பின்னுக்குச் செலுத்தினால் முறுக்கம் தளர்ந்து கோல் எளிதில் விலகும். அன்பரின் ஓட்டுநருக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை.

1970இல் வந்த ரேஞ்ச் ரோவர், பெட்டியின் நடுவிலேயே ஒரு டிபரன்ஷியலை அமைத்து இத்தொல்லையை நீக்கியது. ஆதலால் பழைய வண்டி வாங்கும் அன்பர்கள், நடு டிபரன்ஷியல் உண்டா என்று முதலில் கேட்டறிக. இல்லையெனில், தார் தொடங்குமிடத்தில் முன் ஆக்ஸிலை விலக்கிவிடுமாறு ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லுக.